கார்னேஷன் தண்டை மண்ணில் புதைக்காதீர்கள்

பாயசம் போன்றவற்றில் இதழைத் தூவுவதற்காகக் கார்னேஷன் பூச்செடியைத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது. தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடிக் காட்டும், நிழலில் வைத்தால் கொடி மாதிரி நீளும். அவற்றைச் செடியே சொல்லிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு, அவை இங்கே.

ஆழமாக நடுவது

தக்காளி நாற்றை ஆழமாக நட்டால் தண்டிலும் வேர் விடும். அதே கைப்பழக்கத்தில் கார்னேஷனையும் இரண்டு கணு உள்ளே போக அமுக்கி நடுகிறார்கள். ஈரமண் பட்ட தண்டைப் பூஞ்சை பிடிக்கும். மேலே இலை வாடும், கீழே மண் ஈரமாகவே இருக்கும். தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள், அழுகல் வேகமாகும். மண்ணை ஒட்டிய தண்டைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கி உரிந்து வந்தால் அந்தச் செடி பிழைக்காது. மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணில் மறுபடி கார்னேஷன் வேண்டாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. தண்டு காயவே நேரம் கிடைக்காது. அதனால் வேரோடு ஒட்டிய மண்கட்டியின் மேல்பகுதி மண்மட்டத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே தெரியும்படி நடுங்கள். சாய்ந்தால் ஈர்க்கில் ஊன்றிக் கட்டுங்கள், மண் அணைக்காதீர்கள். 8 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய சாணம் 1 போதும். மேல் அங்குலம் காய்ந்த பிறகு தொட்டியின் ஓரமாகத் தண்ணீர் விடுங்கள்.

மழைக்கு முன் வெளியே வைப்பது

புரட்டாசியில் கூரைக்கடியில் விதையுங்கள், மழை ஓய்ந்ததும் மார்கழியில் வெயிலுக்கு மாற்றுங்கள். கிராம்பு வாசனையுள்ள கார்னேஷன் பங்குனி வெயிலில் சோர்ந்துவிடும். அதன் உறவான சைனா டயாந்தஸ் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும், வாசனைதான் குறைவு.

பூச்சந்தைப் பூவைத் தின்பது

கூடாது. மாலைக்கும் அலங்காரத்துக்கும் வளர்த்த பூவில் மருந்து அடித்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. விதையிலிருந்து நீங்களே வளர்த்ததைத்தான் நம்பலாம்.

இதழை வெள்ளை அடிப்பகுதியுடன் சமையலில் போடுவது

கசக்கும். ஒவ்வோர் இதழின் வெள்ளைக் காம்பையும் கத்தரித்துவிடுங்கள். இலை, தண்டு சமையலுக்கு ஆகாது.

பாயசத்தில் கொதிக்கவிடுவது

நிறம் வெளுக்கும், வாசனை ஆவியோடு போகும். இறக்கி, சூடு தணிந்த பிறகு தூவுங்கள். சர்க்கரையில் போட்டு வைப்பதானால், காலையில் பனி காய்ந்ததும் பறித்த இதழை மின்விசிறிக்கடியில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் நம் கடற்காற்றில் சர்க்கரை கசிந்து கட்டியாகிவிடும்.