லாரி மட்டும் வித்தா போதாது: சார்ஜிங்லயும் பேட்டரியிலயும் தவிர்க்க வேண்டிய தப்புங்க

சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில லாரிக்கு ஷெட்யூல் போடுற வேலை எனக்கு. எலக்ட்ரிக் லாரி விக்க வர்றவங்க எல்லாரும் எடுத்தவுடனே ரேஞ்சப் பத்திதான், அதாவது ஒரு தடவ சார்ஜ் பண்ணா எவ்ளோ தூரம் ஓடும்னுதான் பேசுறாங்க. ஆனா ராத்திரி வண்டி நிக்கிற டிப்போவுல கரண்ட்ட ஒழுங்கா பாத்துக்கிற கம்பெனிதான் இங்க ஜெயிக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

பெரிய தப்பு, ஐரோப்பா கணக்க அப்படியே இங்க தூக்கிட்டு வர்றது. அங்க நாலரை மணி நேரம் ஓட்டினா டிரைவர் கட்டாயம் 45 நிமிஷம் ரெஸ்ட் எடுக்கணும், அதுக்குள்ள பேட்டரி ஏறணும்னா 3.75 மெகாவாட் வரைக்கும் போற மெகாவாட் சார்ஜிங் தேவைதான், 621 யூனிட் பேட்டரியோட 500 கிலோமீட்டர் ஓடுற மெர்சிடிஸ் இஆக்ட்ரோஸ் 600 மாதிரி வண்டியும் அந்த ஊருக்கு சரிதான். இங்க மேற்குக் கோடி துவாஸ்லேர்ந்து கிழக்குக் கோடி சாங்கி போனாலே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அவ்ளோ பெரிய பேட்டரிய சுமந்தா சரக்கு ஏத்த வேண்டிய எடைய பேட்டரியே தின்னுடும்.

அடுத்தது சார்ஜர வித்துட்டு கரண்ட் பில்ல மறந்துடறது. இத கொஞ்சம் கணக்கு போட்டே பாருங்க. 15 லாரி ராத்திரி ஏழு மணிக்கு வந்து எல்லாம் ஒரே நேரத்துல 100 கிலோவாட் சார்ஜர்ல மாட்டினா 1,500 கிலோவாட் இழுக்கும். ஆனா ஒரு வண்டிக்கு தேவை 150 யூனிட்தான்னா மொத்தம் 2,250 யூனிட், காலையில அஞ்சு மணி வரைக்கும் பத்து மணி நேரம் இருக்கு, பிரிச்சு ஏத்தினா 225 கிலோவாட் போதும்! ஹை டென்ஷன் கனெக்‌ஷன் வாங்குற டிப்போ எத்தன கிலோவாட் வேணும்னு முன்கூட்டியே சொல்லி மாசாமாசம் அதுக்கு காசு கட்டணும், தாண்டினா தாண்டினதுக்கு இன்னும் கூடுதல் ரேட்டு. அதனால சார்ஜிங்க பிரிச்சு விடுற சாஃப்ட்வேர், மதியம் அவசரமா வர்ற வண்டிக்கு கை கொடுக்க ஒரு ஸ்டோரேஜ் பேட்டரி, ரெண்டையும் லாரியோட சேத்தே பேசணும். நம்ம வெயில்ல பேட்டரி தாங்குமான்னு கேக்குறவங்களுக்கு, இங்க ஜூரோங் தீவுல செம்ப்கார்ப்ங்கிற எனர்ஜி கம்பெனி 2023ல 285 மெகாவாட்‑மணி ஸ்டோரேஜ் திறந்தாச்சு.

டிப்போவுக்கு வந்து பாக்காம வண்டிய அனுப்புறதும் தப்பு. ஒரு கம்பெனி எங்களுக்கு ட்ரையலுக்கு ட்ரெய்லர இழுக்குற ஒரு ப்ரைம் மூவர் குடுத்தாங்க, சார்ஜிங் போர்ட் இருந்த பக்கத்துக்கும் எங்க சார்ஜருக்கும் நடுவுல கேபிள் ஒரு கை நீளம் பத்தல, ராத்திரி பத்தரை மணிக்கு கொட்டுற மழையில டிரைவர் தம்பி ட்ரெய்லர கழட்டி வண்டிய திருப்பி விட்டுட்டு வந்து, "அண்ணே, நாளைக்கு எனக்கு டீசல் வண்டியே போடுங்கண்ணே"ன்னாரு. அவர் மேல என்ன தப்பு?

சார்ஜர தன் பிராண்டுக்கு மட்டும்னு பூட்டி வைக்கிறதும் வேலைக்கு ஆகாது. டெய்ம்லர், வால்வோ, டிராட்டன்னு ஐரோப்பாவோட மூணு பெரிய லாரி கம்பெனியும் சந்தையில அடிச்சிக்கிறவங்கதான், ஆனாலும் 50 கோடி யூரோ போட்டு மைலன்ஸ்னு ஒண்ணா ஒரு சார்ஜிங் கம்பெனி ஆரம்பிச்சாங்க, எந்த பிராண்ட் லாரியும் அங்க ஏத்திக்கலாம். ஒரே யார்டுல நாலு பிராண்ட் நிக்கிற ஊரு இது, அடுத்த வண்டிக்கு அடுத்த சார்ஜர்னா டவுக்கே, அதான் முதலாளி, ஒத்துக்கவே மாட்டாரு.

பேட்டரிக்குள்ள இருக்குற செல்ல வாங்க லாரி கம்பெனி ஒரே எடத்த நம்புறதும் ஆபத்து. லாரி கம்பெனி ஸ்கேனியா பெரிசா நம்பியிருந்த பேட்டரி கம்பெனி நார்த்வோல்ட் 2025 மார்ச்ல சுவீடன்ல திவாலாச்சு. அந்தப் பக்கம் சீனாவோட பேட்டரி கம்பெனி சிஏடிஎல் செல்லும் விக்குது, லாரிக்கு பேட்டரி மாத்துற ஸ்டேஷனும் போடுது, சப்ளையரே போட்டியாளர் ஆயிட்டா லாரி கம்பெனிக்கு மிஞ்சுறது வெறும் சேஸியும் கேபினும்தான்.

பழைய பேட்டரி விஷயம்தான் என்ன ரொம்ப யோசிக்க வைக்குது. லாரிக்கு பத்தாத பேட்டரி டிப்போவுல ஸ்டோரேஜா இன்னும் பல வருஷம் உழைக்கும், ஆனா அதுக்கு பேக்க ஈசியா கழட்டுற மாதிரி டிசைன் பண்ணணும், அது எவ்ளோ தேஞ்சிருக்குங்கிற டேட்டாவ ஓனருக்கு தரணும். இது ரெண்டையும் கான்ட்ராக்ட்லயே எழுதி தாங்கன்னு வர்ற சேல்ஸ் ஆளுங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டே இருக்கேன், இன்னும் ஒருத்தரும் எழுதி தரல.