உளப்பிறழ்வுக்கு உடல்நோய் காரணமா? கண்டறிவதில் நேரும் தவறுகள்

காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அந்த உளப்பிறழ்வை, அதாவது உண்மையும் பிரமையும் பிரித்தறிய முடியாத நிலையை, மனநோய் என்று முடிவுகட்டி, உடல் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்குவதே முதல் தவறு. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்பது மற்றக் காரணங்களை விலக்கிய பின்னரே சூட்ட வேண்டிய பெயர். நாற்பது வயதைக் கடந்தவரிடம் இவ்வறிகுறிகள் முதன்முறையாகத் தோன்றினால் ஐயம் இன்னும் கூட வேண்டும்.

நோயாளி சொல்லும் கதையிலேயே மூழ்கிவிட்டு, அவருடைய கவனம் நிலைத்திருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் விடுவதுதான், என் கணிப்பில், மிகப் பெரிய பிழை. மாதங்களின் பெயர்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னால் பாதியில் தடுமாறுகிறார், காலையில் தெளிவாகப் பேசியவர் இரவில் இடம் தெரியாமல் விழிக்கிறார் என்றால், அது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலை. தொற்று, சோடியம் குறைவு, சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுது என அதன் வேர் உடலில் இருக்கும். இந்நிலை மணிக்கு மணி மாறுவதால், ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுத் தெளிவாக இருக்கிறார் என்று எழுதிவைப்பது ஏமாற்றிவிடும். கூச்சலிடாமல் சோர்ந்து கிடக்கும் டெலிரியமும் உண்டு. அதை மனச்சோர்வு என்று எண்ணிவிடுகிறார்கள்.

காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை ஆகியவற்றை அளக்கச் சில நிமிடங்களே ஆகும். வேறொரு சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் கைநடுக்கமும் வியர்வையுமாக இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறினால், அது குடியைத் திடீரென நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம்; குடியை அவர் எப்போது நிறுத்தினார் என்று குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். மருந்துப் பட்டியலையும் விடக்கூடாது: ஸ்டீராய்டு, பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள் முதலியன பிரமைகளை உண்டாக்கும்.

சிடி ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மூளை நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. 2007-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையைத் தாக்கும் நோய்), இளம்பெண்களிடம் பெரும்பாலும் உளப்பிறழ்வாகவே தொடங்கும். வலிப்பு, வாயும் முகமும் தாமாக அசைதல், பேச்சுக் குறைதல் ஆகியவை சேரும்போது தண்டுவட நீரைச் சோதிக்காமல் இருப்பது ஆபத்து. சிறுநீரில் போதைப்பொருள் தென்பட்டது என்பதும் தேடலை நிறுத்தப் போதுமான காரணம் ஆகாது.

பழைய கோப்பில் மனச்சிதைவு என்று எழுதியிருந்தால் புதிய அறிகுறி எதுவும் அதன் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. அந்த நோயாளிக்கும் நிமோனியா வரும். அவர் உட்கொள்ளும் மருந்தாலேயே உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறி, நினைவு மங்கும் நிலையும் வரலாம். அதை நோய் முற்றிவிட்டதாகக் கருதி அதே மருந்தின் அளவைக் கூட்டினால் உயிருக்கே கேடாகும்.