‘நெஞ்சை அடைக்குது’ என்றால் எதை எழுதுவது?

உசிலம்பட்டிப் பக்கம் மனநலக் கணக்கெடுப்புக்குப் புதிதாகக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: “அக்கா, மனசைப் பத்தி எப்படிப் பேச்செடுக்கிறது?”

எடுக்கவே வேண்டாம். உடம்பை விசாரியுங்கள். “மனசு சரியில்லையா?” என்றால், “எனக்கென்ன பைத்தியமா?” என்று எழுந்து போய்விடுவார்கள். “உடம்பு எப்படி இருக்கு அப்பத்தா?” என்று கேட்டால் தலைபாரம், கிறுகிறுப்பு, தொண்டையில் உருண்டை என்று வரிசையாக வரும். நம் ஊரில் துக்கம் தொண்டையைத்தானே அடைக்கிறது, பயம் வயிற்றில்தானே புளியைக் கரைக்கிறது?

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். ‘நெஞ்சை அடைக்குது’ என்பதை நீங்களாகவே ‘பதற்றம்’ என்று மாற்றிவிட்டால், அது இதயக் கோளாறா, மகன் குடித்துவிட்டு வரும் கவலையா என்று அப்புறம் தாளைப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது.

எங்கள் கையில் இருப்பது பி.எச்.கியூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புவோம். ஆனால் தூக்கம், அசதி, பசி, உடலசைவு என்று நான்கு கேள்விகள் உடம்பைப் பற்றியவை. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு இருந்தாலும் அந்த எண் ஏறும். அதனால் எண்ணைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு மனச்சோர்வு” என்று வீட்டு வாசலில் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்பது மட்டும் பலருக்குப் பிடிபடாது. வாசித்த பிறகு, “அமாவாசையிலிருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று நாளுக்கு ஒரு அடையாளம் சொல்லுங்கள், அது சரியாக வரும் நாளாக இருந்தால்.

நான் செய்த தப்பு ஒன்று. மல்லிகை பறிக்கும் ஒரு அக்கா, “தினமும் தூக்கம் கெடுது” என்றார். 3 போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பூப் பறிக்க விடியுமுன்னே எழுகிறவர் அவர். பூ இல்லாத மாதத்தில் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாராம். அது எனக்குத் தெரிந்தது மூன்றாம் தடவை போனபோது. இப்போதெல்லாம் அவர்கள் சொன்ன எண்ணைத் திருத்தாமல், ஓரத்தில் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். இதே காரணத்தால் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கணக்கெடுக்கவே போகாதீர்கள். அப்போது மதுரையில் எவர் தூங்குகிறார்?

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மாமியார் திண்ணையில் இருந்தால் அதைக் கேட்காதீர்கள். தனியாகப் பேச வேறொரு நேரம் வாங்குங்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுப் படியே ஏற வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள். ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப்போவார் என்பதையும் அங்கேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.

பல வீடுகளில் நிஜமான பேச்சு, படிவத்தை மூடி நீங்கள் செருப்பு மாட்டும்போதுதான் தொடங்கும். நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு, “இதையும் எழுதிக்கிடட்டுமா?” என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள்.