முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பது எப்படி?

கல்லூரிகள் திறக்கும் வாரத்தில் கிண்டி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று பாருங்கள். புதுப் பையும் மடிப்புக் கலையாத சட்டையுமாய், எந்தப் பக்கப் படிக்கட்டில் இறங்குவது என்று தெரியாமல் தயங்குகிற பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். வழி கேட்கக் கூச்சப்படுவார்கள். கூட்டம் போகிற பக்கமே போய்விட்டுத் திரும்பி வருவார்கள். கல்லூரிக்குள்ளும் முதல் சில மாதங்கள் அவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. சென்ற ஆண்டிலிருந்து எங்கள் துறையின் முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறேன். புதிதாக வருகிறவர் தானாக வந்து உதவி கேட்க மாட்டார். எதைக் கேட்பது என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: பேராசிரியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

முதலாண்டு தொடங்கும்போது பொறியியல் கல்லூரிகளில் புதுமுக மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகள் நடக்கும். அதைக் கவனிக்கும் பேராசிரியரையோ துறைத் தலைவரையோ பார்த்து, வழிகாட்டியாக இருக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நான்கைந்து பேருக்கு மேல் பொறுப்பேற்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்குவது வெறும் சம்பிரதாயம் அல்ல. ‘சீனியர்’ என்ற சொல்லே நம் ஊரில் புதியவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயத்தைத் தருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1996-ல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே சந்திப்பு எப்போதும் பகலில், பலர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். விடுதி அறைக்கு வரச்சொல்லாதீர்கள். முதல் நாளே ராகிங் புகார் எண்ணை (1800-180-5522) அவர்கள் கைப்பேசியில் சேமிக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை ஒரு சீனியரே எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: ஒரு தாள் தயாரியுங்கள்

அவர்கள் வருவதற்கு முன் ஒருமுறை, உங்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். படிப்புச் சான்றிதழ் எந்த அறையில் கிடைக்கும், பஸ் பாஸுக்கும் ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ஜெராக்ஸ் கடை எப்போது திறக்கும், குடிநீர் எந்த மாடியில் வரும் என்பதையெல்லாம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

படி 3: முதல் சந்திப்பில் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள்

“ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்று கேட்டால், “ஒன்றும் இல்லை அக்கா” என்றுதான் பதில் வரும். “காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாய்? மதியம் எங்கே சாப்பிட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.

என் குழுவில் திருத்தணியிலிருந்து வரும் ஒரு தம்பி இருந்தான். இருட்டோடு எழுந்து மின்சார ரயில் ஏறி, சென்ட்ரல் பக்கம் இறங்கி, பார்க் நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து கிண்டிக்கு இன்னொரு ரயில். எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் என்றான். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை மூன்று வாரமாக அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். கேன்டீனில் டோக்கன் எடுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, டோக்கன் வாங்கும் முறையை விளக்கினேன். அவன் தலையாட்டினான்.

படி 4: பாடக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வருகிற மாணவர்களுக்கு முதல் பருவம் ஒரு சுவர் மாதிரி எதிரே நிற்கும். பாடம் புரியவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

அதே தம்பியின் கணிதக் குறிப்பேட்டில், ஓரத்தில் பென்சிலால் ‘டிட்டர்மினன்ட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். “அணிக்கோவை மதிப்பு கண்டுபிடிப்பாயா?” என்று கேட்டேன். பேனாவை வாங்கி, மூன்றுக்கு மூன்று கணக்கு ஒன்றை மளமளவென்று போட்டு முடித்தான். “இதைத்தான் டிட்டர்மினன்ட் என்கிறார்கள்” என்றேன். “இதையா அக்கா?” என்று கேட்டுவிட்டுக் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு ‘அணிக்கோவை’ என்று எழுதினான். மேட்ரிக்ஸ் என்றால் அணி, ரேங்க் என்றால் அணியின் தரம் என்று அன்று மாலையே ஒரு பக்கம் நிரம்பியது. அவனுக்குக் கணக்கு தெரியும். அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாமல் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தமிழ்நாடு அரசின் மேல்நிலைக் கணிதம், இயற்பியல், வேதியியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, இலவசமாகப் பதிவிறக்கலாம். இரண்டிலும் பாடங்களும் கணக்குகளும் ஒரே வரிசையில் வரும். இரண்டையும் அருகருகே வைத்து, நாளுக்குப் பத்துச் சொற்கள் வீதம் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. விடுமுறை நாள்களில் நாங்கள் அங்கே போய் உட்கார்வோம்.

படி 5: உதவித்தொகையைச் சரிபாருங்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பித்தாயா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் பணம் கடன் கொடுக்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். கடன் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை உங்களைப் பார்க்கவே கூசும்.

படி 6: முதல் மதிப்பெண் வரும் நாளில் உடன் இருங்கள்

இங்கே நான் தவறு செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய ஒரு தங்கை, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஐம்பதுக்குப் பதினேழு வாங்கிக்கொண்டு வந்தாள். “இதெல்லாம் சகஜம், எல்லோருக்கும் நடப்பதுதான்” என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. அவள் பாடுபட்டுப் படித்ததை நான் ஒன்றுமில்லாததாக்கிவிட்டேன் என்று பிறகுதான் புரிந்தது.

ஆறுதல் அப்புறம் இருக்கட்டும். விடைத்தாளை மேசையில் விரித்து, போன மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் விட்டது, நேரம் போதாமல் விட்டது, கேள்வியைத் தவறாகப் படித்தது. அவள் தாளில் பாதிக்கு மேல் நேரத்தால் போனது. அதற்கு மருந்து வேறு. தினம் ஒரு கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தாள். கூடவே வருகைப்பதிவையும் பாருங்கள். மதிப்பெண் குறைந்ததும் வகுப்புக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.

படி 7: உங்கள் எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எப்போதும் வாக்குக் கொடுக்காதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் அதை நீங்கள் ஒருவரே சுமக்கக் கூடாது. “உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாமல் உடன் இருந்து, அன்றே பேராசிரியரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

படி 8: தாளை அடுத்தவரிடம் கொடுங்கள்

இரண்டாம் பருவத்தில் அவர்கள் வருவது குறையும். அது நல்ல அறிகுறி. துரத்திப் பிடிக்க வேண்டாம். ஆண்டு முடியும்போது இரண்டாம் படியில் எழுதிய தாளை அவர்களிடமே கொடுத்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

திருத்தணித் தம்பி இந்த ஆண்டு வழிகாட்டியாகப் பெயர் கொடுத்திருக்கிறான். நான் கொடுத்த தாளில் டோக்கன் பற்றிய வரிக்குக் கீழே அவன் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘வீட்டிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டையும் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.’