தலைப்பின் கடைசிச் சொல்: தொழில்நுட்பச் செய்தி படிக்க ஒரு டைப்பிங் டீச்சரின் வழி

2023 மார்ச் கடைசி வாரம். காலை பத்து மணி இருக்கும். என் கடைக்கு எதிரே பூ விற்கும் அம்மா, கூடையில் கட்டி வைத்திருந்த க்யூஆர் அட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இது நமக்கு வேணாம். ரெண்டாயிரத்துக்கு மேல போனா காசு புடிக்கிறானாம். டீவில சொன்னான்."

ஒரு முழம் மல்லி முப்பது ரூபாய். அவரிடம் இரண்டாயிரத்துக்குப் பூ வாங்குவது கல்யாண வீட்டுக்காரர்கள்தான், அதுவும் முகூர்த்த மாதத்தில். இதைச் சொல்லிப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. பயந்தவரிடம் கணக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. உட்காரவைத்துச் செய்தியை முழுதாகப் படித்துக் காட்டினேன். அன்று செய்ததை அப்புறம் பலருக்கும் செய்ய வேண்டி வந்தது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. மன்னார்குடியில் அப்பா ஆரம்பித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை நடத்துகிறேன். முன்பக்கம் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட். பின்பக்கம் மெஷின்கள். ஊரில் எந்தத் தொழில்நுட்பச் செய்தி வந்தாலும் அது முதலில் என் ஜெராக்ஸ் மேஜைக்குத்தான் வரும், பெரும்பாலும் பயத்தோடு.

முதலில் தலைப்பை விட்டுவிடாதீர்கள். "தலைப்பை மட்டும் படிக்காதே" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தலைப்பை நன்றாகப் படியுங்கள் என்கிறேன். அன்று வந்த தலைப்பு இப்படித்தான் இருந்தது: யுபிஐ பரிவர்த்தனைக்கு 1.1 சதவீதக் கட்டணம். இதில் வினைச்சொல் எங்கே? தமிழில் வினை கடைசியில் வரும், தலைப்பில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். கட்டணம் வந்துவிட்டதா, வருமா, வரலாமா? அப்புறம் வேற்றுமை உருபு. பரிவர்த்தனைக்கு என்று ஒரு "கு" இருக்கிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்ற இரண்டையும் காணோம். பணம் சம்பந்தப்பட்ட செய்தியில் இந்த இரண்டும் இல்லையென்றால், செய்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம்.

அந்த இரண்டையும் மட்டும் தேடிக்கொண்டு உள்ளே போனோம். மூன்றாவது பத்தியில் கிடைத்தது. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போகும் பணத்துக்கு எதுவும் இல்லை. வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, அதிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் கடைக்காரருக்கு யுபிஐயில் கொடுத்தால், கடைக்காரர் பக்கத்து நிறுவனம் வாலட் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பங்கு அது. 1.1 சதவீதம் என்பதே அதன் உச்சவரம்பு. வாடிக்கையாளர் தலையில் ஒரு பைசாவும் இல்லை. யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் மார்ச் 29 அன்று விளக்கமே கொடுத்தது. யுபிஐயில் 99.9 சதவீதத்துக்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான் நடக்கிறது என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப நம்மகிட்ட புடிக்க மாட்டான்?"

"மாட்டான்."

அட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். நூல் பழசாகிவிட்டது என்று என்னிடமே ஃபைல் கட்டும் நாடா ஒன்று வாங்கிக்கொண்டார்.

2025 ஏப்ரலில் அதே இரண்டாயிரம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. இந்த முறை ஜிஎஸ்டி. நிதி அமைச்சகம் அப்படி ஒரு யோசனையே இல்லை என்று மறுத்தது. பூக்கார அம்மா வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தே கையை ஆட்டி, "யார்கிட்டேருந்து, யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார். அவ்வளவுதான், பாடம் ஏறிவிட்டது.

இரண்டாயிரத்துக்கும் வதந்திக்கும் என்ன ராசியோ. 2016-இல் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தபோது அதில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று டீவியிலேயே பேசினார்கள். ஒரு பெரியவர், நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தால் சிப் தெரியுமா என்று கேட்டார். ரூபாய் நோட்டை ஜெராக்ஸ் எடுப்பது எனக்கு வம்பு என்று அனுப்பிவிட்டேன். அந்த மாதிரிச் செய்திக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? என் வீட்டு ரிமோட்டுக்கே வருஷம் இரண்டு முறை பேட்டரி மாற்றுகிறேன்.

இனி வினைமுற்று. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரே செய்தியை மூடப்பட்டது, மூடப்படுகிறது, மூடப்படும், மூடப்படலாம், மூடப்படுமா என்று ஐந்து விதமாக எழுதலாம். முதலாவது நடந்தது. அதற்குத் தேதி இருக்க வேண்டும், தேடுங்கள். இரண்டாவதில் ஏமாறாதீர்கள். "வருகிறது புதிய வசதி" என்றால் பாதி நேரம் வரவில்லை என்றுதான் பொருள். மூன்றாவதில் யார் சொன்னது என்று பாருங்கள். நான்காவதை மடித்து வையுங்கள். ஐந்தாவது, கேள்விக்குறி போட்டது, வந்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆனால் "மூடப்பட்டது" என்று தெளிவாக முடிந்த செய்தியும் என்னைக் கவிழ்த்திருக்கிறது. 2011 ஏப்ரல். உலகின் கடைசி டைப்ரைட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி. நம் ஊர் கோத்ரெஜ் பற்றித்தான். என் இன்ஸ்டிட்யூட்டில் பாதிப் பேர் தட்டுவது கோத்ரெஜ் மெஷினில். மறுநாளே இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். ஒருவர் நேரடியாகக் கேட்டார்: "மெஷினே இல்லேன்னா பொண்ணு எதுக்கு டைப்பிங் லோயர் பரிட்சை எழுதணும்? கட்டின ஃபீஸைக் குடுத்துடுங்க." கொடுத்துவிட்டேன்.

உண்மையில் கோத்ரெஜ் உற்பத்தியை 2009-லேயே நிறுத்தியிருந்தது. செய்திதான் தாமதம். "உலகின் கடைசி" என்பதும் தப்பு. எலக்ட்ரிக் மெஷின் விற்பவர்கள் அமெரிக்காவில் அப்போதும் இருந்தார்கள். ஆகவே "முதல்", "கடைசி", "ஒரே" என்று பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உலகத்தில் இருப்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு யாரும் அப்படி எழுதுவதில்லை.

அந்த ஃபீஸ் போன பெண்ணை நினைத்தால் இன்னும் வருத்தம்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் டைப்பிங் பரிட்சை அதற்கப்புறமும் நின்றுவிடவில்லை. லோயரும் ஹையரும் முடித்து டிஎன்பிஎஸ்சி எழுதித் தட்டச்சர் வேலைக்குப் போனவர்கள் என் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள்.

சரி, செய்தி தப்பு, நான் ஜெயித்தேன் என்று சொல்லிவிடலாம். சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். எண்ணெய்க் குப்பி, மெல்லிய பிரஷ், சின்ன ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரு மஞ்சப் பையில். தாளோடு நகரும் மேல்பகுதியை, அதாவது கேரேஜை, இழுக்கும் நாடா அறுந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். கொஞ்ச வருஷத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு, "பார்ட்ஸ் கெடைக்கல டீச்சர், அந்த மூலை மெஷினை அறுத்து இதுக்குப் போட்டுடவா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒன்றை அறுத்து இன்னொன்றுக்குப் போட்டு, இருபத்துநான்கு மெஷின் ஒன்பதாகிவிட்டது. கடைசியாக அவர் எப்போது வந்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் பற்றி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. வராது. அதனால் நான் இப்போது எந்தச் செய்தியைப் படித்தாலும், பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக்கொள்கிறேன்: இது நிஜமானால் என் கடையில் முதலில் யார் வருவது நிற்கும்?

ஏஐ செய்திகளை இந்தக் கேள்வியோடு படித்தால் கொஞ்சம் பிடிபடும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வந்தது. தம்பி மகன் சிறுசேரியில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு "வேலை போகும்" செய்தி அனுப்புகிறான். நான் அவனுக்கு இரண்டு பழைய செய்தி அனுப்பினேன். ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னது: எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருஷத்தில் கணினி அவர்களைவிட நன்றாகச் செய்யும். அவர் சாதாரண ஆள் இல்லை, 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். ஐந்து வருஷம் என்றோ முடிந்துவிட்டது, ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, எலான் மஸ்க் 2019-இல் சொன்னது: அடுத்த வருஷமே பத்து லட்சம் தானியங்கி டாக்ஸி சாலையில் ஓடும். 2020-இல் எது ஓடியது, எது ஓடவில்லை என்று நமக்கே தெரியும்.

"அப்ப ஒண்ணும் ஆகாதுங்கறீங்களா அத்தை?" என்று கேட்டான். அப்படிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது என் கடையில் நல்ல வரும்படி. சொல்லச் சொல்ல நேரே டைப் அடித்துத் தருவேன், பக்கத்துக்கு நாற்பது ரூபாய். இப்போது பேரன் போனில் எழுதவைத்த மனுவோடு வருகிறார்கள். எனக்குப் பிரிண்டுக்கு ஐந்து ரூபாய். எந்தச் செய்தியும் சொல்லாமலே முப்பத்தைந்து ரூபாய் போய்விட்டது.

ஆனால் அந்த மனுவையும் ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன மாதம் கொண்டுவந்தார். வாய்க்கால் ஆக்கிரமிப்பு. நான்கு பத்தி, அருமையான தமிழ், "வாழ்வாதாரம்" மூன்று இடத்தில். சர்வே நம்பர் இல்லை. எந்த வாய்க்கால் என்று இல்லை. கடைசியில் அடைப்புக்குறிக்குள் "உங்கள் பெயர்" என்று அப்படியே இருக்கிறது. பிரிண்ட் எடுத்து, பட்டாவை வாங்கிப் பார்த்து, சர்வே நம்பரையும் வாய்க்கால் பெயரையும் பேனாவால் மேலே எழுதிக் கொடுத்தேன். பத்து ரூபாய் கேட்டேன். "அதான் எல்லாம் அதுவே எழுதிடுச்சே, எழுதுறதுக்கு என்ன காசு?" என்றார். வாங்காமல் விட்டுவிட்டேன், தப்புதான். அடுத்த முறை வாங்குவேன்.

எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் பற்றியது என்றால் ரிசர்வ் வங்கி, பணப்பரிவர்த்தனைக் கழகம் இவற்றின் சொந்தத் தளம். அரசுத் திட்டம் என்றால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பிஐபி), தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம். ஆனால் அரசாங்கம் தன்னைப் பற்றித் தானே சரிபார்ப்பதை நான் பாதித் தீர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்கு இன்னொரு பேப்பரையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அவசரமானது. படிப்பவரை இப்போதே ஏதாவது செய்யச் சொன்னால் அதைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் ரிடையர்ட் வாத்தியார் ஒருவர் வங்கியில் பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் ஃபாரம் நிரப்பித் தரச் சொன்னார். பேசும்போது என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் போன், கேமரா வெளியே பார்த்தபடி, திரையில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கிறது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலிலேயே கைது என மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் அரெஸ்ட்" பற்றி அவரே ஆறு மாதம் முன்னால் குரூப்பில் ஃபார்வர்டு போட்டவர். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்று பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியில் பேசியதும் அதில் இருந்தது. படித்தது வேறு, தன் பெயரைச் சொல்லி மிரட்டும்போது வேறு போல. நான் ஒரு வெள்ளைத் தாளில் "போனை ஆஃப் பண்ணுங்க சார்" என்று பெரிதாக எழுதி நீட்டினேன். கை நடுங்கியது, ஆனால் அணைத்துவிட்டார். பணம் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். அந்த நம்பரை ஜெராக்ஸ் மெஷின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்கம் போதும். "வரும்", "போகும்" என்று முடிகிற செய்தியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் மூன்று எழுதுங்கள்: இன்றைய தேதி, சொன்னவர் பெயர், அவர் எதை விற்கிறார். அடுத்த வருஷம் திறந்து பாருங்கள். என் நோட்டில் இருக்கும் தலைப்புகளில் பாதிக்கு மேல் நடக்கவில்லை. நடந்தவையும் சொன்ன மாதிரி நடக்கவில்லை. நேற்று தம்பி மகன் அனுப்பியதையும் பிரிண்ட் எடுத்து ஒட்டியாகிவிட்டது: இன்னும் ஒரே வருஷத்தில் தட்டச்சே இருக்காது, எல்லாரும் பேசியே எழுதுவார்கள். அடுத்த ஆகஸ்டில் திறக்க வேண்டும். பரிட்சை மாதம், அதனால் மறக்காது.