காவிரி மண்ணில் வனைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டு மண் வேலை செய்யத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் காட்டுவது கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களைத்தான். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம், சாம்பல் நிறத்தில் மங்கலாக மின்னும் ஒரு தட்டு. "இதே மாதிரி பண்ணணும்" என்பார்கள். படம் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் உருவத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் மண்ணைத் தேடினால் தலைவலிதான்.

அந்தக் கிண்ணம் பெரும்பாலும் ஸ்டோன்வேராக, அதாவது அதிகச் சூட்டில் கல் போல இறுகச் சுட்ட மண்பாண்டமாக இருக்கும். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டது. நம் ஆற்று வண்டலிலும் குளத்துக் களியிலும் இரும்பு அதிகம். 900, 1000 டிகிரியிலேயே சிவந்து வெந்துவிடும். 1200 வரை கொண்டுபோனால் கொப்பளித்து, உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோன்வேர்தான் வேண்டுமென்றால் அதற்கான மண்ணை வாங்குங்கள். அதுவும் நல்ல வழிதான். புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அந்த வழியில்தான் பலரை உருவாக்கியது. அப்போதும் காவிரி வண்டலைத் தள்ளிவைக்க வேண்டாம். அதைக் கரைத்து, ஸ்டோன்வேர் கிண்ணத்தின் மேல் மெல்லிசாகப் பூசிச் சுட்டுப் பாருங்கள். எளிதில் உருகும் குணமே அங்கே உதவும். பழுப்பாகவோ கருப்பாகவோ கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு ஆகலாம். முதலில் ஒரு சின்னத் துண்டில்.

மண்ணைச் சோதிக்காமல் சக்கரத்தில் ஏற்றுவது அடுத்த தவறு. சிப்பித் துணுக்கோ சுண்ணாம்புக் கல்லோ ஒரு மிளகளவு உள்ளே இருந்தால் போதும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகும். பாத்திரம் வெளியே வந்து சில நாள் கழித்து, காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, மேல் ஓட்டைத் தெறிக்க வைக்கும். பெயர்ந்த குழியின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். கடலோரத்து மண் என்றால் உப்பும் பூக்கும். துணுக்குகள் போக, மண்ணைக் கூழாகக் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். ஈர மண் வில்லையில் 10 செ.மீ. கோடு கிழித்து, சுட்டபின் அளந்து பாருங்கள். 9 செ.மீ. இருந்தால் சுருக்கம் 10 சதவீதம். மூடி ஜாடிக்குப் பொருந்துவதெல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது பூம்புகாரைப் பற்றி. அங்கே நடந்த அகழாய்வுகளில் கருப்பு-சிவப்புப் பானையோடுகள் கிடைத்தன. அவற்றால் ஈர்க்கப்பட்டு வரும் பலர் செய்வது, சிவப்புக் கிண்ணத்தின் உள்ளே கருப்புச் சாயம் பூசுவது. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் அந்த ஓட்டிடமிருந்து எதையும் கற்றதாகாது. அந்தக் கருப்பு சூளையில் பிறந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்து, உள்ளே காற்று புகாதபடி தழை, உமி போன்றவற்றோடு சுட்டார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காற்று பட்ட வெளிப்புறம் சிவந்தது, புகையில் மூச்சடைத்த உட்புறமும் விளிம்பும் கருத்தன. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் நேர்கோடு இருக்காது. கரும்பழுப்பாகக் கலங்கி ஏறி இறங்கும். அந்தக் கலங்கலைத் தூரிகையால் கொண்டுவர முடியாது. உமிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன? ஒரு கிண்ணத்தில் உமியை நிரப்பிக் கவிழ்த்து, விளிம்பைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுப் பாருங்கள். முதல் சூளையிலேயே சரியாக வராது. ஆனால் எங்கே காற்று நுழைந்தது என்று பாத்திரமே காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து வரும் அடுத்த யோசனை உங்களுடையது.

ஊர்ப் பானையை வெளிவடிவத்தை மட்டும் பார்த்து நகலெடுப்பதும் இதே வகைத் தவறுதான். சக்கரத்தில் தட்டை அடியாகப் பானை வனைந்து, சோற்றுப்பானை என்று விற்கிறார்கள். அடுப்பில் வைத்ததும் அடி விரிசல் விடுகிறது. பரம்பரையாகப் பானை வனையும் வேளார் வீட்டில் ஒரு காலை உட்கார்ந்து கவனித்தால் காரணம் புரியும். அடியில்லாமல் வனைந்து அறுத்தெடுத்து, சற்று இறுகிய பிறகு உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். உருண்டையான, ஒரே கனமான மெல்லிய சுவர் சூட்டைச் சீராக வாங்கும். தட்டையான தடித்த அடி வாங்காது. இதைக் கற்றுக்கொள்ளப் போகும்போது அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் பெயரில் வரிசையாக வெளியிடாதீர்கள். யாரிடம் கற்றீர்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்படவும் வேண்டாம். அடைமழையில் மேலே காய்ந்தது போலிருக்கும் பாத்திரத்தின் அடியில் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கும். அப்படியே சூளையில் வைத்தால் 100 டிகிரி தாண்டும்போது நீராவி அதை வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து. கண்காட்சித் தேதி நெருங்குகிறதென்றால் புரட்டாசிக்குள் வனைந்து முடியுங்கள். மழை மாதங்களில் வடிகட்டிய மண்ணைத் தொட்டியில் ஊறவிடுங்கள். ஊற ஊற மண் இழைந்து வரும், தை மாதம் வனைய அருமையாக இருக்கும்.