வாசனை போகாம நலங்கு மாவு அரைக்கிறது எப்படி?

உடம்புக்கு தேச்சுக் குளிக்கிற நலங்கு மாவ வீட்ல அரைக்கிறவங்க நிறைய பேர் சொல்ற ஒரே கம்ப்ளெயின்ட், "எல்லாம் போட்டேங்க, ஆனா வாசமே இல்ல, வெறும் பயத்தமாவு வாசம்தான் வருது". இருபது முப்பது சாமான் இருக்கிற லிஸ்ட்ட பாத்து வாங்கிட்டு வந்து, மொத்தத்தையும் மொட்டை மாடில ஒரே துணில கொட்டி வெயில்ல காயவச்சு, ஒரே பையில போட்டு மில்லுக்கு அனுப்பினா அப்படித்தான் வரும். பூவுல இருக்கிற வாசனை எண்ணெய் ரொம்ப சீக்கிரம் ஆவியாகிடும், பாதி வெயில்ல போயிடும், மிச்சம் மில்லு சூட்டுல போயிடும். அதனால எத்தனை சாமான் போடுறோம்ங்கிறத விட எத எங்க காயவைக்கிறோம், எத எதுல அரைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். இத நான் அடிச்சே சொல்லுவேன்.

என் அளவு இதுதான், அரைச்சா கிட்டத்தட்ட ஒரு கிலோ மாவு கிடைக்கும். முழு பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காஞ்ச ஆவாரம்பூ, காஞ்ச பன்னீர் ரோஜா இதழ் இதெல்லாம் ஒவ்வொண்ணும் 50 கிராம், மகிழம்பூ 25 கிராம். அவ்ளோதான். வேப்பிலை, துளசி, ஆரஞ்சு தோலு எல்லாம் ஆசைப்பட்டா ஒரு கைப்பிடி போடலாம், ஆனா வேப்பிலை அதிகமானா மத்த வாசத்த அமுக்கிடும்.

நாட்டு மருந்துக் கடையில மொத்தமா கட்டிக் கொடுக்கிற ரெடி பாக்கெட் வாங்காதீங்க, ஒவ்வொண்ணா கேட்டு வாங்கி மோந்து பாருங்க. பூலாங்கிழங்கு வட்டமா சீவி காயவச்சு வரும், உடைச்சா குப்புனு வாசம் அடிக்கணும், அடிக்கலேன்னா பழைய ஸ்டாக். கஸ்தூரி மஞ்சள்ல ரொம்ப ஏமாத்துவாங்க, உள்ள பளிச்சுனு மஞ்சளா இருந்தா சந்தேகப்படுங்க, நல்ல கஸ்தூரி மஞ்சள் உடைச்சா வெளிறுன கலர்ல இருக்கும், லேசா கற்பூர வாசம் வரும், தோல்ல மஞ்சள் கறை ஒட்டாது. வீட்ல ஆம்பளைங்களுக்கும் பசங்களுக்கும் சேத்து அரைக்கிறதா இருந்தா மஞ்சள விட்டுட்டு அந்த 50 கிராமுக்கு வெட்டிவேர் கூட்டிக்கலாம், அந்த மண் வாசம் எல்லாருக்கும் பிடிக்கும்.

ரோஜா விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பொக்கேல வர்ற நீளத் தண்டு ரோஜா இதுக்கு ஆகவே ஆகாது, பாக்க அழகா இருக்கும், ஆனா வாசமும் கம்மி, மருந்தும் நிறைய அடிச்சிருப்பாங்க. நாட்டு பன்னீர் ரோஜாதான் வேணும், திண்டுக்கல் மதுரை பக்கம் இருக்கிறவங்க நிலக்கோட்டை மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க, மத்த ஊர்ல பூக்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சா உதிரியா வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. மல்லிப்பூவையும் போடலாமேன்னு தோணும், வேணாம், மல்லி காஞ்சா வாசம் சுத்தமா போயிடும். மகிழம்பூ அதுக்கு நேர் எதிர், காஞ்சு சருகாகி பல மாசம் ஆனாலும் வாசம் அப்படியே இருக்கும், அதனாலதான் கொஞ்சம் விலை கூடுனாலும் நான் அத விடமாட்டேன்.

இப்போ காயவைக்கிறது. பயறு, பருப்பு, கிழங்கு எல்லாம் நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள், கையில எடுத்தா சலசலன்னு சத்தம் வரணும். வெட்டிவேர்ல மண் இருந்தா வேகமா ஒரு அலசு அலசிட்டு அதே வெயில்ல போடலாம், வேரோட எண்ணெய் கனமானது, அவ்ளோ சீக்கிரம் போகாது. ஆனா ரோஜா, ஆவாரம்பூ, மகிழம்பூ மூணும் வெயிலே படக்கூடாது, ஃபேன் காத்துல வெள்ளைத் துணிமேல ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம பரப்பி விடுங்க, இதழ கசக்குனா நொறுங்கணும், மடிஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், அந்த ஈரத்தோட அரைச்சா பூஞ்சை பிடிச்சு மொத்த மாவும் வீணாயிடும்.

மில்லுக்கு பருப்பும் கிழங்கும் வேரும் மட்டும் போகட்டும். கோரைக்கிழங்கையும் பூலாங்கிழங்கையும் இரும்பு உரல்ல ஒண்ணு ரெண்டா தட்டிக்கோங்க, வெட்டிவேர கத்திரியால பொடிப்பொடியா வெட்டிக்கோங்க, நீளமா போட்டா மெஷின்ல சுத்திக்கும். மில்லுக்காரர்கிட்ட கண்டிப்பா கேக்க வேண்டியது, எங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்கண்ணான்னு. மிளகாத்தூள் அரைச்ச மெஷின்ல இத போட்டா குளிக்கிறப்போ உடம்பெல்லாம் எரியும். சீயக்காய்க்குன்னு தனி மெஷின் இருக்கிற மில்லா பாத்து போறது நல்லது. அரைச்ச உடனே மூடி வைக்காம வீட்டுக்கு வந்து பேப்பர்ல பரப்பி முழுசா ஆற விடுங்க. அதுக்கப்புறம்தான் பூ. மூணு பூவையும் வீட்டு மிக்ஸில விட்டு விட்டு சுத்தி, ஜார் சூடாகாம பாத்து பொடி பண்ணி சலிச்சு, ஆறுன மாவுல கலந்து திரும்ப ஒரு தடவ எல்லாத்தையும் சேத்து சலிச்சிடுங்க. கண்ணாடி பாட்டில்ல இறுக்கமா மூடி ஒரு வாரம் தொடாம வச்சீங்கன்னா எல்லா வாசமும் ஒண்ணோட ஒண்ணு சேந்து இன்னும் நல்லா வரும். சலிக்கிறப்போ மேல நிக்கிற திப்பிய தூக்கிப் போட்டுடாதீங்க, சின்ன மல்துணில முடிஞ்சு வச்சுக்கிட்டா கால், முட்டி, முழங்கை தேய்க்க சூப்பரா இருக்கும்.

நுரை வரலையேன்னு கவலைப்படாதீங்க, பயத்தமாவு நுரைக்காமலே எண்ணெய் பிசுக்க எடுக்கும். நுரை வேணும்னா பூந்திக்கொட்டை தோலு 50 கிராம் கிழங்கோட சேத்து அரைக்கலாம், ஆனா கண்ணுல பட்டா நல்லா எரியும், அதனால குழந்தைங்களுக்கு வேணாம். சில லிஸ்ட்ல கார்போக அரிசின்னு ஒரு மூலிகை விதை இருக்கும், அத நான் சேக்குறதில்ல, அதுல இருக்கிற சோராலன்ங்கிற பொருள் தோல்ல இருக்கிறப்போ வெயில்ல போனா தோல் கறுத்து புண்ணாகக்கூட வாய்ப்பிருக்கு, தினமும் வெயில்ல அலையுறவங்களுக்கு அந்த ரிஸ்க் தேவையே இல்ல. எந்த மாவா இருந்தாலும் முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டு பாத்துட்டு அப்புறம் உடம்புக்கு போடுங்க, இயற்கைன்னா எல்லாருக்கும் ஒத்துக்கும்னு இல்ல.

குளிக்கிறப்போ ரெண்டு மூணு ஸ்பூன் தனிக் கிண்ணத்துல எடுத்து குழைச்சுக்கோங்க, பாட்டிலுக்குள்ள ஈரக்கை போகவே கூடாது. வறண்ட தோலுக்கு பால், எண்ணெய் வடியிற தோலுக்கு தயிர், இல்லேன்னா பன்னீர். பன்னீரையும் வீட்லயே எடுக்கலாம், ஆனா இதழ திறந்த பாத்திரத்துல கொதிக்க வச்சா வாசம் சமையல்கட்டுக்குத்தான் போகும், தண்ணில நிக்காது. அகலமான பாத்திரத்துக்கு நடுவுல ஒரு சின்ன ஸ்டாண்டு போட்டு அதுமேல காலி கிண்ணம் வச்சு, சுத்தி இதழ் மூழ்குற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, மூடிய தலைகீழா கவுத்து மேல ஐஸ் கட்டி வைங்க, சின்ன தீயில அரை மணி நேரம். ஆவி மூடில பட்டு குளிர்ந்து கிண்ணத்துல சொட்டும், அதுதான் பன்னீர். ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள தீத்துடுங்க.

மாவு மழைக்காலத்துல சீக்கிரம் வண்டு பிடிக்கும், அதனால ஒரு மாசத்துக்கு வேண்டியத மட்டும் வெளிய வச்சுட்டு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஆறு மாசத்துக்கு மேல வச்சுக்காதீங்க. பாத்ரூம் ஜாலில ஒரு வலைத் துண்டு போட்டுடுங்க, பருப்பு மாவு பைப்ப அடைக்கும், தரையும் வழுக்கும், பெரியவங்க குளிச்சு முடிச்சதும் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி கழுவி விட்டுடுங்க.